பழம்புத்தகம், இசைத்தட்டு விற்போருக்கு வந்த சோதனை

பெங்களூர் அவென்யூ சாலையில் இன்றும் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டை நடைபாதையிலும் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் இறங்குகின்றன. ஆனால் கன்னடமும் ஆங்கிலமுமாக நாலு கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் ஒரு தமிழ்ப் புத்தகம் கண்ணில் படும். அதுவும் பெரும்பாலும் அட்டை போன பாடநூலாக இருக்கும். சென்னைக்குப் போய் வர வசதி இல்லாத தமிழருக்குப் பழைய நாவலோ, பழைய சினிமாப் பாட்டு ரிக்கார்டோ வேண்டுமானால் இன்று பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு. வீட்டில் ஓர் அறையையே கிடங்காக்கி, கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டு, பணம் வந்ததும் பார்சல் கட்டித் தபாலில் சேர்க்கும் சிறு வியாபாரியே அந்த வழி.

பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் இதைக் கவனிப்பவர்கள், நடைபாதையில் கடை போட முடியாமல் போனவர்கள் எனப் பல தரம். பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் எடுத்து வந்து தரம் பிரிப்பார்கள். பெரியவர் காலமான வீட்டில் பீரோவைக் காலி செய்கிறார்கள் என்று சேதி வந்தால் ஓடுவார்கள். வேறு முதலீடு பெரிதாக இல்லை. உழைப்பும், எந்தப் பதிப்பு அருமையானது என்ற ஞானமுமே மூலதனம்.

இந்த வியாபாரம் நொடிக்கிறது என்று கேட்டதும், "இப்போது யார் படிக்கிறார்கள்? பாட்டெல்லாம் போனிலேயே வருகிறதே" என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. நாட்டுடைமை ஆன நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், படிப்பதற்கு மட்டும் வாங்கியவர்கள் குறைந்திருக்கலாம். ஆனால் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இலவசமாகக் கிடைத்தும், 1950 முதல் 1954 வரை வார இதழில் மணியம் ஓவியங்களுடன் வந்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்த பைண்டிங் வந்தால் போட்டி போட்டு வாங்குகிறார்கள். கேட்பவர் இருக்கிறார், சரக்கும் இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் முட்டுக்கட்டை விழுந்திருக்கிறது.

நாலரை மாத இருட்டு

முதல் அடி தபாலில் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே புத்தகத்துக்குத் தபாலில் தனிச் சலுகை உண்டு. சமீப காலம் வரை பதிவுப் புத்தகத் தபாலில் 1 கிலோ புத்தகத்தை நாட்டின் எந்த மூலைக்கும் 32 ரூபாயில் அனுப்பலாம். 5 கிலோ கட்டுக்கு 80 ரூபாய். 2022 ஜூலையில் தபால் சேவைகள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. வந்தபோதும் புத்தகத் தபாலுக்கு விலக்கு இருந்தது.

1898-ம் ஆண்டின் தபால் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டின் புதிய சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன் கீழ் அந்த ஆண்டு டிசம்பரில் புது விதிமுறைகள் வந்தன. அவற்றில் புத்தகத் தபால் என்ற இனமே இல்லை. கட்டுகளுடன் கவுண்டருக்குப் போனவர்களிடம், "இனி அது கிடையாது, பார்சலாகத்தான் போகும்" என்று சொல்லப்பட்டது. 32 ரூபாய் இருந்த இடத்தில் 78 ரூபாய், 80 இருந்த இடத்தில் 229. நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு 78 ரூபாய் கூலி கேட்டால் யார் கொடுப்பார்? சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி விற்பனை சூடு பிடிக்கும் ஜனவரி மாதமும் இந்த இடைவெளியில்தான் வந்தது.

பதிப்பாளர்களும் வாசகர்களும் சிறு வியாபாரிகளும் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் புதிய சேவை தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பழைய கட்டணத்தைவிட அதிகம் என்றாலும் தாங்கக்கூடியதே. பார்சல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. இதற்காகத் தபால் இலாகாவைப் பாராட்டத்தான் வேண்டும். இலாகா நஷ்டத்தில் ஓடும் காலத்தில் சலுகைக் கட்டணம் என்பது சும்மா கிடைக்கும் காரியமல்ல.

நிபந்தனைகளில் இடறல்

ஆனால் ஞான் போஸ்டின் நிபந்தனைகளைப் படித்தால், புதுப் புத்தகக் கடையை மனத்தில் வைத்து எழுதியது போலிருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். விளம்பரம் உள்ள வெளியீடுகளையும், குறித்த காலத்துக்கு ஒரு முறை வரும் பத்திரிகைகளையும் ஏற்க மாட்டார்கள்.

புதுப் புத்தகத்துக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பழம்புத்தகத்தின் கதை வேறு. கரையானும் காலமும் முதலில் தின்பது முதல் பக்கத்தைத்தான். பதிப்பகத்தின் பெயர் இருப்பதும் அங்கேதான். முன்னே சொன்ன தொடர்கதை பைண்டிங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்களில் வாரா வாரம் இதழிலிருந்து கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைப்பார்கள். தமிழ்நாட்டை விட்டு வெளியூர் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியில் எடுத்து வந்த சொத்துகளில் அதுவும் ஒன்று. அதில் பதிப்பகத்தின் பெயர் எங்கே இருக்கும்? கதைப் பக்கத்தின் ஓரத்திலேயே சோப்பு விளம்பரமும் தலைவலி மாத்திரை விளம்பரமும் இருக்கும். கவுண்டரில் இருக்கும் குமாஸ்தா நல்ல மனது வைத்தால் கட்டு போகும். விதியைக் காட்டினால் பார்சல் கட்டணம். இதில் குமாஸ்தாவைக் குறை சொல்லவும் முடியாது. நாளை தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ரிக்கார்டு, கேசட், சி.டி. இவற்றுக்கு ஞான் போஸ்டில் இடமே இல்லை. அமெரிக்காவில் 1938-ல் புத்தகத்துக்கென்று தொடங்கிய சலுகைத் தபால், இன்று 'மீடியா மெயில்' என்ற பெயரில் இசைத்தட்டையும் சி.டி.யையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. நம் நாட்டில் கர்நாடக சங்கீத ரிக்கார்டு ஒன்று ஞானத்தில் சேராது, சரக்கில்தான் சேரும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், மெதுவாகப் போனாலும் மலிவாகவும் பத்திரமாகவும் போகட்டும் என்று நினைப்பவருக்கு இருந்த இன்னொரு வாசலும் அடைபட்டது.

காற்றுக்கும் கூலி

தனியார் கூரியர் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே எடை மட்டும் பார்ப்பதில்லை, இடமும் பார்க்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ல் வகுப்பது பரவலாக உள்ள முறை. வருகிற எண்ணும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஒரு எல்.பி. ரிக்கார்டு 12 அங்குல அகலம். உடையாமல் போக வேண்டுமானால் இருபுறமும் கெட்டி அட்டை வைத்து, 33 சென்டிமீட்டர் சதுரமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள பெட்டியில் போட வேண்டும். 33-ஐ 33-ஆல் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்கினால் 5445. அதை 5000-ல் வகுத்தால் 1 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கட்டிய பார்சலைத் தராசில் வைத்தால் அரைக் கிலோ சொச்சம்தான் இருக்கும். ஆனால் அரைக் கிலோ படியாகக் கட்டணம் ஏறுகிற இடத்தில் ஒன்றரைக் கிலோவுக்குப் பில் வரும். மிச்சமெல்லாம் காற்றுக்குக் கொடுக்கும் கூலி. பெட்டியைச் சிறிதாக்கினால் ரிக்கார்டு உடைகிறது. பழைய 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் கண்ணாடிதான். வினைல் தட்டு உடையாது, ஆனால் கோடையில் வேனுக்குள் ஒரு பகல் கிடந்தால் வளைந்துவிடும். வளைந்த தட்டைத் திருப்பி அனுப்பும் கூலியும் பெரும்பாலும் விற்றவர் தலையில்தான்.

அட்டைப் பெட்டிக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது இந்த வியாபாரிகளுக்குக் கிடைத்த ஒரு சின்ன ஆறுதல்.

ரெயில் பார்சலில் போடலாமே என்று யோசனை சொல்வோரும் உண்டு. முப்பது கிலோ மூட்டையாக ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்கு அனுப்ப அது நல்ல வழி. ஆனால் அனுப்புபவர் பார்சல் ஆபீசுக்குப் போக வேண்டும். பெறுபவர் ரசீதோடு ஸ்டேஷனுக்கு வந்து எடுக்க வேண்டும். தாமதமானால் வார்ஃபேஜ் கட்ட வேண்டும். ஒரு நாவலுக்காக இதையெல்லாம் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஓசூருக்கு ஒரு நியாயம், பெலகாவிக்கு ஒரு நியாயம்

வரி விஷயம் இதைவிடச் சிக்கல். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வரி இல்லாத சரக்கு மட்டும் விற்பவர், எத்தனை மாநிலங்களுக்கு அனுப்பினாலும் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. இதில் முன்பு இருந்த குழப்பத்தையும் 2023-ம் ஆண்டின் நிதிச் சட்டம் தீர்த்துவிட்டது.

அதே வியாபாரி அலமாரியில் நாலு ரிக்கார்டைச் சேர்த்து வைத்தால் கதை மாறிவிடுகிறது. ரிக்கார்டுக்கும் சி.டி.க்கும் வரி 18 சதவீதம். சொந்த மாநிலத்துக்குள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு வேண்டியதில்லை. ஆன்லைன் நிறுவனங்கள் மூலம் மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் இந்தச் சலுகை உண்டு. ஆனால் வரி உள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால், விற்பனை நூறு ரூபாயானாலும் பதிவு கட்டாயம்.

இதன் விளைவைப் பெங்களூர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பெலகாவி இங்கிருந்து 500 கிலோமீட்டர். அங்கே ஒரு ரிக்கார்டு அனுப்பினால் சிறு வியாபாரிக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஓசூர் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஒரு ரிக்கார்டு போக வேண்டுமானால் ஜி.எஸ்.டி. எண் வேண்டும், தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு ஆடிட்டர் கூலி கொடுக்க வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு தமிழ் ரிக்கார்டு விற்பவருக்கு வாடிக்கையாளர் எங்கே இருப்பார்? பெலகாவியில் அல்லவே.

பழைய பொருளுக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்டலாம் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது பதிவு செய்தவர்களுக்கு. நாற்பது கிலோ மூட்டையாக எடுத்த சரக்கில் ஒரு ரிக்கார்டின் அடக்க விலை என்ன என்று எழுதி வைக்கிற பொறுமையும் வேண்டும்.

அடுத்தவர் இடத்தில் கடை

பெரிய ஆன்லைன் நிறுவனங்களின் தளங்கள் ஆரம்பத்தில் இவர்களுக்கு வரமாகத் தோன்றின. பிளிப்கார்ட் 2007-ல் பெங்களூரில் தொடங்கியது புத்தக வியாபாரத்தில்தான். 2013-ல் இந்தியாவுக்கு வந்த அமேசானும் முதலில் விற்றது புத்தகமும் திரைப்படத் தட்டுகளும். இன்று அவற்றின் கடலில் புத்தகம் ஒரு துளி. கமிஷன், கையாளும் கட்டணம், அனுப்பும் கட்டணம் என்று கழித்துக்கொண்டது போக, மலிவான புத்தகத்தில் விற்றவருக்கு மிஞ்சுவது சொற்பம்.

சரக்கைப் பட்டியலில் ஏற்றுவதே பெரும்பாடு. இந்தத் தளங்கள் புத்தகத்தை அடையாளம் காண்பது ஐ.எஸ்.பி.என். என்ற எண்ணைக் கொண்டு. அந்த முறை உலகில் வந்ததே 1970-ஐ ஒட்டித்தான். அதற்கு முந்திய தமிழ்ப் புத்தகத்துக்கு எண் ஏது? தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவதால், புத்தகம் பட்டியலில் இருந்தும் தேடுபவர் கண்ணில் படாமல் போகிறது.

விலையை மனிதன் வைக்காமல் எந்திரம் வைப்பது இன்னொரு கூத்து. 2011-ல் அமேசானில் ஈக்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிப் புத்தகத்தின் விலை 2 கோடி 30 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு வியாபாரிகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றை ஒன்று பார்த்து விலையை ஏற்றிக்கொண்டே போனதுதான் காரணம்.

தளம் நடத்துபவர் கடையைச் சாத்தினால் சிறு வியாபாரியின் கதியும் அதோடு முடியும். பழைய நாணயம், தபால் தலை, ரிக்கார்டு விற்பவர்கள் பலர் நம்பியிருந்த ஈபே இந்தியத் தளம் 2018 ஆகஸ்டு 14-ந் தேதியோடு விற்பனையை நிறுத்திக்கொண்டது. வாங்கியவர்கள் வருடக் கணக்கில் கொடுத்திருந்த நற்சான்றுகள் எதையும் வேறு தளத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. புதுத் தளத்தில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறு வியாபாரிகள் ஒன்று சேர்ந்து ஜெயித்த சம்பவமும் அதே ஆண்டில் நடந்தது. அமேசானுக்குச் சொந்தமான ஏப்புக்ஸ் என்ற பழம்புத்தகத் தளம், ஹங்கேரி, செக், தென் கொரியா, ரஷ்யா நாட்டு வியாபாரிகளை விலக்கப்போவதாக அறிவித்தது. அதைக் கண்டித்து 2018 நவம்பரில் 27 நாடுகளைச் சேர்ந்த சுமார் 600 வியாபாரிகள் தங்கள் சரக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில நாட்களில் நிறுவனம் இறங்கி வந்தது. நம் ஊர் வியாபாரிகள் ஒவ்வொருவராகத் தனித்தனி வாட்ஸ்ஆப் குழுவில் விற்றுக்கொண்டிருப்பதால், இப்படிச் சேர்ந்து நிற்பது எளிதல்ல.

பணம் வந்தும் பயம்

கமிஷனுக்குப் பயந்து இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் வழியாக நேரே விற்பவர்களுக்கு யு.பி.ஐ.தான் கல்லாப்பெட்டி. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரி இலாகா, யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என வரியே இல்லாத பொருள் விற்றவர்களுக்கும் வந்தது. பெங்களூர்க் கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்ற அட்டைகள் தொங்கின. பிறகு முதல்வர் சித்தராமையா தலையிட்டு, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, பதிவு செய்துகொண்டால் போதும் என்று கூறியதால் போராட்டம் கைவிடப்பட்டது. பெட்டிக்கடைக்காரர் அட்டையைத் தொங்கவிட்டு ரொக்கத்துக்கு மாறலாம். மதுரையிலிருந்து புத்தகம் கேட்பவரிடம் ரொக்கம் எப்படி வாங்குவது?

இன்னொரு அச்சமும் இருக்கிறது. சைபர் மோசடிப் பணம் கை மாறி வரும் வழியில், முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பணத்தில் 300 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கினாலும், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான புகாரின் பேரில் விற்றவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம். நாட்டின் பல பாகங்களில் சிறு வியாபாரிகள் இந்த அவதியைப் பட்டிருக்கிறார்கள். 300 ரூபாயில் மோசடி எது, வியாபாரம் எது என்று கண்டுபிடிக்க வழி இல்லாத வியாபாரி, அந்த மாநிலப் போலீசுக்கு ஈ-மெயில் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்பி ஈடு கட்டியவர்களுக்கும் 2025-ல் இடி விழுந்தது. அமெரிக்காவின் சுங்க விதி மாற்றத்தால் அந்நாட்டுக்கான தபால் பார்சல்கள் ஆகஸ்டு 25 முதல் நிறுத்தப்பட்டு, அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கின.

மாற்ற முடியாததா?

இவற்றில் சில, அரசு மனம் வைத்தால் தீரக்கூடியவை. ஞான் போஸ்டின் பட்டியலில் இசைத்தட்டையும் சி.டி.யையும் சேர்ப்பதற்கும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முந்திய அச்சுப் பிரதிகளுக்கு விளம்பர நிபந்தனையைத் தளர்த்துவதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. இலாகா அறிவிப்பே போதும். ஜி.எஸ்.டி.யிலும் முன்மாதிரி இருக்கிறது. கைவினைப் பொருள் செய்வோர், வரம்புக்கு உட்பட்டு, பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. கவுன்சில் முன்பே இடம் கொடுத்திருக்கிறது. அதே வரம்பைப் பழைய ரிக்கார்டு, கேசட்டுக்கும் கொடுத்தால் கஜானாவுக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. இதைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும். பதிப்பாளர்களுக்குச் சங்கம் உண்டு, அது அவர்கள் காரியத்தைப் பார்க்கும். பழம்புத்தகக்காரருக்கும் ரிக்கார்டுக்காரருக்கும் பேச ஆள் இல்லை.

இதற்கிடையே சட்டத்துக்கு உட்பட்டே ஒரு வழி இருக்கிறது. வாடிக்கையாளர் நேரில் வந்து கையில் வாங்கிப்போய், பில்லில் வெளிமாநில விலாசம் எழுதப்படாவிட்டால், அது கர்நாடகத்துக்குள் நடந்த விற்பனை ஆகிவிடுகிறது. ஆகவே ஓசூர் அன்பர் ரெயில் ஏறிப் பெங்களூர் வந்து, எல்.பி.யை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாலை வண்டியில் திரும்பலாம். மதுரை வாடிக்கையாளருக்கு இந்த வழியும் இல்லை.